பக்கத்துக் காம்பராவில் விளையாடுகிறார்கள்

2025 மே 6, செவ்வாய்

மழை. பால்வெட்டு இல்லை. ரப்பர் மரத்துக்கு இருக்கிற சொகுசு இந்தத் தோட்டத்தில் மனுசருக்கு இல்லை, நாலு துளி விழுந்தால் அதற்கு லீவு. எனக்கு ஏது லீவு? அப்பனும் ஆத்தாளும் வேலையில்லாமல் லயத்து வரிசை வீடுகளில் கிடந்தாலும், பிள்ளைகளை மட்டும் காலையிலேயே பிள்ளைக் காம்பராவில் கொண்டுவந்து தள்ளிவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் துஷ்யந்தி டீச்சர் இருக்கிறாளே. இன்றைக்கு ஒருத்தன் என் சீலையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிரதீபன் கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். வேலை செய்த ஹார்ட்வெயார் கடையை மூடிவிட்டார்களாம். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. "சாப்புட்டியா?" என்றால் "ம்". "சொகமில்லையா?" என்றாலும் "ம்". முப்பத்து மூன்று வயதுத் தம்பியோடு குடித்தனம் நடத்துவதற்கு ஓர் அம்மிக்கல்லோடு நடத்தலாம். சம்பலாவது அரைக்கலாம்.

பின்னேரம் ரொட்டி தட்டும்போது பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம், ஏதோ சத்தம். டக், டக். கொஞ்சம் விட்டு, டக் டக் டக். எலியாகத்தான் இருக்கும். அந்தக் காம்பரா பூட்டி நாலு வருடமாகிறது.

மே 8, வியாழன்

நல்ல வெயில். சத்தமே இல்லை. இந்த எலிக்கு மழையில் மட்டுந்தான் வேலை போலிருக்கிறது.

மே 10, சனி

மதியம் மழை பிடித்தது. பிடித்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் தொடங்கியது. பிரதீபன் எழுந்து உட்கார்ந்தான். படுக்கையிலிருந்து அவனாக எழுந்ததே எனக்கு அதிசயம்.

"அக்கா, கேக்குதா?"

"எலிடா."

"எலி இல்ல. சுதா வெளையாடுறான்."

நான் சுவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவன் முகத்தில் பயமே இல்லை. சந்தோசமாக இருந்தான்.

சுதாகரன் பக்கத்துக் காம்பராப் பையன், தம்பியின் வயது. பதினைந்து வயதில் கொழும்பில் யாரோ வீட்டு வேலைக்கென்று கூட்டிப்போனார்கள். முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்தான். பிறகு அதுவும் நின்றது. எந்த வீடு, எந்தத் தெரு, ஒருவருக்கும் தெரியாது. பிரதீபன் கொழும்புக்கு வேலைக்குப் போனதே பாதி அவனைத் தேடித்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. சுதாவின் அம்மா செத்தபோது சொல்லியனுப்ப ஓர் இடமில்லை. தம்பிதான் மகனாக நின்று கொள்ளி வைத்தான். பிறகு முன்கதவைப் பூட்டிச் சாவியைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்தோம்.

செத்துப்போனானா, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாதவன் மழைக்கு வந்து விளையாடுகிறானாம். நல்ல கதை.

மே 11, ஞாயிறு

நேற்றுப் பிரதீபன் அப்படிச் சொன்னதிலிருந்து எல்லாம் கிளறிக்கொண்டு வருகிறது.

சுதாவின் அம்மா சவூதியிலிருந்து வந்தபோது ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். எங்கள் லயத்தில் அப்போது கரண்டே கிடையாது. கறுப்பு வெள்ளை டிவி கடைசிக் காம்பரா காத்தமுத்து மாமாவுடையது. அதை ஓட்டுகிற கார் பேட்டரி எங்களுடையது. கேம் சுதாவுடையது. மூன்று வீடும் சண்டையில்லாமல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டு. இந்த ஊரில் பெரியவர்களைச் சமாதானமாக வைத்திருந்தது கோயிலா சங்கமா என்று கேட்டால், நான் அந்த டிவி கேம் என்றுதான் சொல்வேன்.

மழை நாள்தான் எங்களுக்குத் திருவிழா. பால்வெட்டு இல்லையென்றால் அம்மாவுக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை, முகம் உம்மென்று இருக்கும். நாங்களோ வானம் கறுக்காதா என்று இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். கேசட்டை ஊதி ஊதிச் செருகுவான் சுதா. அவனும் பிரதீபனும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு டாங்கி, செங்கல் சுவருக்குப் பின்னால் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். எனக்குத் தரமாட்டார்கள். நான் பெண்பிள்ளையாம், பேட்டரிக்குக் காவலாம்.

பேட்டரி இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி அணையும். தெரணியகலை டவுனில் நிலாம் நானாவின் கடைக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்றினால்தான் மறுபடி உயிர் வரும். ஆனால் சுதா ஆட்டத்தை நிறுத்த விடமாட்டான். செத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, படமில்லாமல், ஞாபகத்திலேயே விளையாடுவார்கள். சுதா பொத்தானைத் தட்டுவான்: டக், டக். பிறகு காத்திருப்பான். பிரதீபன் பதிலுக்குத் தட்டுவான். அப்புறம் சுதா டக் டக் டக். எந்த டாங்கி எங்கே நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "ஒன்னய அடிச்சுட்டான்டா" என்றால் மற்றவன் ஒத்துக்கொள்வான். ஒருநாளும் கள்ளம் செய்ததில்லை. வெறும் கண்ணாடியைப் பார்த்து இரண்டு பையன்கள் குதிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போதே எனக்கு அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. டக், டக். கொஞ்சம் விட்டு, டக் டக் டக். அந்த "கொஞ்சம் விட்டு" என்பது எதற்கு? எலி யாருக்காகக் காத்திருக்கிறது?

மே 14, புதன்

காத்தமுத்து மாமாவிடம் கேட்டேன். அவருக்குக் காது மந்தம். "பூட்டுன காம்பராவுல என்ன சத்தம் வரும், புள்ள? சும்மா கண்டதையும் நெனச்சுக்கிட்டுப் படுக்காத" என்றார். சொல்லிவிட்டுப் பின்னேரமே சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். எனக்குத் தைரியம் சொன்னவர்.

பிள்ளைக் காம்பராவிலிருந்து வரும் வழியில் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்து அப்படியே தொங்குகிறது. உள்ளே இருட்டு. ஒரு சாக்கு. தரையில் ஈரம், கால் பட்டதுபோல். தகரம் ஒழுகியிருக்கும். வேறென்ன?

வேகமாக வந்துவிட்டேன். ஓடவில்லை. வேகமாகத்தான் வந்தேன்.

மே 17, சனி

இன்றைக்கு மழையோடு அது வந்தபோது பிரதீபன் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் பதில் தட்டினான். டக்.

அந்தப் பக்கம் நின்றது. பிறகு அங்கிருந்து டக் டக் டக்.

பிரதீபன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியா, மேல் பக்கமா வர்றான், களவாணிப் பய" என்றான். இரண்டு பேரும் மழை விடும்வரை ஆடினார்கள். இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன் பார்.

ஆட்டம் முடிந்து மூன்று ரொட்டி தின்றான். கேட்காமலேயே குசினியில் அடுப்புக்கு மேலே தகரத்தின் ஓட்டையை அடைத்தான். "ஒனக்கு ஒருநாளும் ஜாய்ஸ்டிக் குடுக்கல்லையே அக்கா, பாவம்" என்றான். எத்தனை மாதத்துக்குப் பிறகு என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறான். அவனைத் தந்தது பேயாகவே இருந்தாலும் நான் அதோடு சண்டைக்குப் போகப்போவதில்லை.

இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன். அதுதான் உண்மை.

மே 20, செவ்வாய்

"பின்பக்கமாப் போய்க் கதவத் தெறந்து பாத்துட்டு வந்துரலாம்டா" என்று கேட்டேவிட்டேன். லயத்தின் பின்பக்கம் மலைச்சரிவு. போன வருடம் மண் கொஞ்சம் இறங்கியதிலிருந்து சிவப்பு நாடா கட்டி, யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போகக்கூடாது என்பதற்காகவே ஒருவரும் போவதில்லை.

பிரதீபன் வேண்டாமென்றான். "பாத்தா போயிருவான்."

நடுச்சுவர் முன்பு கூரைவரை இருக்கவில்லை. நாங்கள் ஏறி ஏறி அந்தப் பக்கம் குதிக்கிறோம் என்று அப்பா தகரம் அடித்து மூடினார். அந்தத் தகரத்தில் ஓர் ஆணியைக் கழற்றினால் போதும், எட்டிப் பார்க்கலாம். நானும் கழற்றவில்லை. எனக்குப் பயம் அங்கே யாராவது இருப்பார்களோ என்றா, இருக்கமாட்டார்களோ என்றா?

மே 22, வியாழன்

மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்தார்கள். கூட வந்த சிங்கள அதிகாரி மாத்தியா நல்ல மனிதர். எங்கள் காம்பராவுக்குள் வந்து நடுச்சுவரில் கையை வைத்தார். கீழே ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் போகிற அளவு. அலுமாரிக்குப் பின்னால் இருந்ததால் நான் கண்டதே இல்லை.

சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டார். நான் வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார்: மண் தண்ணீர் குடித்து ஊதும்போது சுவர் இழுபடும், மரச்சட்டம் நெரியும், தகரத்து ஆணி கழலும். டக் டக் என்று கேட்கும். மழைக்கு மட்டும் கேட்கும். "அப்படிக் கேட்டால் காத்திருக்கக் கூடாது. தென் யன்ன ஓனே, நங்கி" என்றார். இப்போதே போய்விட வேண்டும், தங்கச்சி.

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. எலியுமில்லை, பேயுமில்லை. எங்களைக் கொல்லப் போகிற சுவர் சத்தம் போட்டிருக்கிறது, நாங்கள் அதோடு உட்கார்ந்து விளையாடியிருக்கிறோம்! இந்த லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

பிரதீபனிடம் சொன்னேன். "சொவரு எப்புடி எனக்குப் பதில் தட்டும்?" என்றான். "நீயா நெனச்சுக்கிட்டடா" என்றேன். அவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

மே 26, திங்கள்

விடாத மழை. காலையிலேயே எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாத்தியா ஒவ்வொரு காம்பராவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பூட்டிய காம்பராவைக் காட்டினார். "அங்கே யாருமில்லை, நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது" என்று நான்தான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், பிரதீபனுக்கும் கேட்கட்டும் என்று.

அவன் கிளம்பவில்லை. சுவரோரம் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடி. திட்டினேன், கெஞ்சினேன். காத்தமுத்து மாமா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் நானும் பையைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சரி. அப்ப ரெண்டு பேரும் இங்கயே சாவோம். எனக்கும் நீ ஒருத்தன்தான் இருக்க" என்றேன். என் பையைக் கையில் எடுத்தான். பிறகு எழுந்துவிட்டான்.

வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டான். "சுதா! நாங்க போறோம்டா. நீயும் வெளிய வா!"

அதுவரை தட்டிக்கொண்டிருந்தது, அப்போது நின்றது. சுவரென்றால் அது ஏன் நிற்க வேண்டும்? மழை குறைந்திருக்கலாம். குறைந்ததா? எனக்கு ஞாபகமில்லை. நான் அவனை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மே 28, புதன்

மலை இறங்கிவிட்டது. நடுப்பகலில், நாங்கள் மண்டபத்தில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது. லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லாரும் இருக்கிறோமா என்று எண்ணினார்கள். எல்லாரும் இருந்தோம். உயிர்ச்சேதம் இல்லை என்று மாத்தியா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், ஆட்களைச் சீக்கிரம் கிளப்ப உதவினேனாம்.

பிரதீபன் சோறு தின்னவில்லை.

மே 29, வியாழன்

எப்படியாவது எழுதிவிட வேண்டும்.

காலையில் மழை நின்றிருந்தது. தம்பியும் நானும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் போனோம். ஆமிக்காரர்கள் மண்ணை ஓரம் தள்ளிவிட்டுப் புறப்படத் தயாராக நின்றார்கள். லயத்தில் பாதி இல்லை. எங்கள் நடுச்சுவர் இல்லை. பக்கத்துக் காம்பரா இருந்த இடத்தில் சேறு, அதன்மேல் சாய்ந்தபடி ஒரு கூரைச்சட்டம்.

டக், டக்.

நான்தான் முதலில் கேட்டேன். தம்பி அல்ல, நான். மழை இல்லை. சுவர் விழுந்துவிட்டது. இனி எது இழுபடும்? எது வெடிக்கும்?

டக் டக் டக்.

பிரதீபன் ஒரு கல்லை எடுத்துச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினான். நின்றது. கொஞ்சம் விட்டு, அடியிலிருந்து பதில் வந்தது.

ஐயோ, நான் கத்தின கத்து! "மினிஹெக் இன்னவா! ஆள் இருக்கு, உள்ள ஆள் இருக்கு!" சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். ஓர் ஆமிக்காரப் பையன் சேற்றில் காதை வைத்துக் கேட்டான். எழுந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. இந்தக் காம்பராவில் யாருமில்லை என்று சொன்னார்களே என்று ஒருவர் கேட்டார். சொன்னது நான்தான் என்று சொன்னேன். மண்வெட்டி கொண்டு வந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கெல்லாம் பொறுமை இல்லை, கையாலேயே பறித்தோம்.

சட்டத்துக்கு அடியில் ஒரு குகைபோல இடம் இருந்தது. அதற்குள் தாடியும் எலும்புமாக ஒரு மனிதன். கையில் வயர் அறுந்த ஒரு ஜாய்ஸ்டிக். வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"சுதா" என்றான் பிரதீபன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கால் முறிந்திருக்கிறது, நெஞ்சில் சளி. பிழைத்துவிடுவான் என்கிறார்கள். யாரோடும் பேசுவதில்லை. என்னையோ பிரதீபனையோ அடையாளம் தெரிந்ததாகவும் இல்லை.

எப்படி வந்தான், எவ்வளவு காலமாக இருந்தான் என்று கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிகிறது. தெரணியகலை பஸ் நிலையத்தில் இப்படி ஒருவன் சுற்றிக்கொண்டிருந்ததை நிலாம் நானா பார்த்திருக்கிறார். "பைத்தியம் போலன்னு டீயும் பணிஸும் குடுத்தேன், மகள். நம்ம சுதான்னு எனக்குத் தெரியல்லயே" என்று அழுதார். மழைக்குப் பால்வெட்டு இல்லாததால் ரப்பர் மலைக்குள் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒருவர் கண்ணிலும் படாமல் அந்த வழியே ஏறி, நாங்கள் ஒருவரும் போகாத பின்பக்கம் வந்து, குசினிக் கதவால் நுழைந்திருக்கிறான். மழை விட்டால் இறங்கிவிடுவான். மழை நாளில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், விளையாடலாம் என்பது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை போல.

இருபத்தாறாம் தேதிக்குப் பிறகு மழை விடவே இல்லை. அதனால் அவனும் இறங்கவில்லை.

அவனைக் கொழும்பில் என்ன செய்தார்கள்? பதினைந்து வயதில் சிரித்துக்கொண்டு போன பிள்ளையை யார் இப்படி ஆக்கியது? கேட்டால் அவன் கண் வேறெங்கோ போகிறது.

ஓர் ஆணியைக் கழற்றியிருக்கலாம். ஒரேயோர் ஆணி.

ஆகஸ்ட் 9, சனி

தனி வீடு கொடுத்திருக்கிறார்கள். பலகையும் தகரமுந்தான், ஆனாலும் நாலு பக்கமும் சொந்தச் சுவர். பக்கத்துக் காம்பரா என்று ஒன்று இல்லை. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்.

பிரதீபன் நிலாம் நானாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்து நல்லபடியாக இருக்கிறான். இப்போது வாய் மூடுவதே இல்லை, எனக்குத் தலைவலி. சுதா எங்களோடுதான். வேறெங்கே போவான்? கம்பை ஊன்றி நடக்கிறான். என்னை "டீச்சர்" என்கிறான், பிரதீபனை "தொர" என்கிறான். வேலை செய்த வீட்டில் அப்படிக் கூப்பிட்டிருப்பான். தொரையோ அவனுக்குத் தலை சீவிவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்.

இன்றைக்கு வெகுநாளுக்குப் பிறகு நல்ல மழை. தேத்தண்ணி கொண்டுபோனேன். சுதா வெளிச்சுவரில் காதை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு தண்ணீர்க் கான், அதற்கப்பால் ரப்பர் மரங்கள், வேறொன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். அங்கிட்டு ஒரு அக்காவும் தம்பியும் இருக்காங்க."

"என்ன பேசுறாங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டான். "கெளம்புறாங்க போல. தம்பி என்னயும் வான்னு கூப்புடுது. அக்காதான், அங்க ஆளே இல்லைங்குது."

"நீ இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே, சுதா?"

"அது எப்புடி டீச்சர்? பாவம், அவுங்க பயந்துருவாங்க."

தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மழை விடும்வரை நானும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.